டேட்டா ஒருமையா, பன்மையா? ஒரு ஆங்கிலச் சொல்லின் இலக்கணமும் அதனால் வரும் விளைவுகளும்

விலைவாசி பற்றி அரசு வெளியிடும் ஒரே புள்ளிவிவரத்தை ஒரு ஆங்கிலச் செய்தித்தாள் ‘டேட்டா ஷோ’ என்று பன்மை வினையோடு எழுதும். மறுநாள் இன்னொன்று ‘டேட்டா ஷோஸ்’ என்று ஒருமை வினையோடு எழுதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தனியுரிமைச் சட்டத்தில் இந்தச் சொல் பன்மை வினையோடு வருகிறது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலோ ஒருமை வினையோடு வருகிறது. ப்ராஜெக்ட் அறிக்கையில் ‘டேட்டா இஸ்’ என்று எழுதும் மாணவருக்குப் பேராசிரியர் ‘ஆர்’ என்று திருத்தித் தருகிறார். அதே மாணவர் வேலைக்குப் போய் ‘டேட்டா ஆர்’ என்று எழுதினால் மேலாளர் புருவத்தை உயர்த்துகிறார். இதற்கு நடுவில் ‘டேட்டாஸ்’ என்று ஒன்று சுற்றறிக்கைகளிலும் விளம்பரங்களிலும் உலவிக்கொண்டிருக்கிறது.

இவற்றில் இரண்டு சரி, ஒன்று தவறு. எது எப்போது சரி என்பதை மனப்பாடம் செய்வதைவிட, ஏன் சரி என்று புரிந்துகொள்வது நல்லது. அந்தக் காரணம் இலக்கணத்தோடு முடிந்துவிடுவதில்லை. வரைபடம், பாலம், வீட்டு அஸ்திவாரம் வரைக்கும் போகிறது.

சொல் வந்த வழி

‘டேட்டா’ லத்தீன் சொல். கொடுப்பதைக் குறிக்கும் ‘டாரே’ என்ற வினையிலிருந்து ‘டேட்டம்’ வந்தது. பொருள்: கொடுக்கப்பட்டது. அதன் பன்மை ‘டேட்டா’, அதாவது கொடுக்கப்பட்டவை. லத்தீனில் ‘அம்’ என்று முடியும் இவ்வகைப் பெயர்கள் பன்மையில் ‘ஆ’ என்று முடியும். பாக்டீரியம் பாக்டீரியா ஆவதும், மீடியம் மீடியா ஆவதும் இதே வழக்கம்தான். ஆங்கிலம் இந்தச் சொற்களை இரவல் வாங்கியபோது பன்மையையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. ஆனால் எல்லாவற்றிலும் அப்படிச் செய்யவில்லை. ஸ்டேடியம், ஆல்பம் இரண்டும் இன்று சாதாரணமாக ‘ஸ்’ சேர்த்துத்தான் பன்மை ஆகின்றன. ஆக, முடிவு எழுத்தைப் பார்த்துப் பன்மையை ஊகிக்க முடியாது. ஒவ்வொரு சொல்லையும் அதன் புழக்கத்தை வைத்துத்தான் அறிய வேண்டும்.

தமிழில் இதற்கு நாம் வைத்திருக்கும் ‘தரவு’ என்ற சொல்லும் ‘தா’ என்ற வேரிலிருந்து வந்தது என்பது இங்கே கவனிக்க வேண்டியது. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றுதான் பெயர்.

‘கொடுக்கப்பட்டது’ என்றால் யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது? விடை வடிவியலில் இருக்கிறது. கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் எழுதிய ஒரு நூலின் பெயரே ‘கொடுக்கப்பட்டவை’ என்பதுதான். லத்தீனில் அது ‘டேட்டா’ என்று அழைக்கப்பட்டது. ஒரு கணக்கில் இன்ன கோணம், இன்ன நீளம் என்று சிலவற்றைக் கொடுத்துவிட்டால் அவற்றிலிருந்து வேறு எவையெல்லாம் உறுதியாகிவிடும் என்று ஆராயும் நூல் அது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் டேட்டா என்ற சொல்லுக்கு இந்தப் பொருள்தான் முதன்மை. விவாதம் தொடங்கும் முன்பே இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட அடிப்படைகள், அவ்வளவுதான்.

18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பொருள் கிட்டத்தட்ட தலைகீழானது. சோதனை செய்து, அளந்து, எண்ணிப் பெற்ற முடிவுகளை டேட்டா என்று அழைக்கத் தொடங்கினார்கள். முன்பு ஆய்வுக்கு முன்னால் நின்ற சொல், இப்போது ஆய்வின் விளைச்சலைக் குறித்தது. ஆனால் பழைய பொருளின் வாடை இன்னும் போகவில்லை. ‘டேட்டா சொல்கிறது’ என்றதும் பலர் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவது அதனால்தானோ என்று தோன்றுகிறது. கொடுக்கப்பட்டதாகத் தோற்றம் தரும் ஒவ்வொரு எண்ணும் உண்மையில் யாரோ ஒருவர் போய் எடுத்து வந்தது.

ஒரு டேட்டம் என்றால் எவ்வளவு?

39.2 என்பது ஒரு எண். அது இன்னும் டேட்டம் ஆகவில்லை. ‘டிகிரி செல்சியஸ்’ என்று அலகு சேர வேண்டும். நுங்கம்பாக்கமா மீனம்பாக்கமா என்று இடம் சேர வேண்டும். சென்னைக்குள்ளேயே இந்த இரண்டு வானிலை நிலையங்களும் ஒரே நாளில் வேறு வேறு வெப்பநிலையைக் காட்டுவது சாதாரணம். எந்தத் தேதி, அது நாளின் உச்சமா குறைந்தபட்சமா என்பதும் சேர வேண்டும். இத்தனையும் சேர்ந்தால்தான் அது ஒரு டேட்டம்.

இப்படிப் பல டேட்டங்கள் சேர்ந்தால் டேட்டா. பழைய இலக்கணம் இதைத்தான் சொல்கிறது. அந்தக் கணக்குப்படி ‘டேட்டா ஆர்’ என்று எழுதுவதுதான் முறை.

‘ஆர்’ கட்சியின் வாதம் எங்கே நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது

1. லத்தீனில் பன்மை, ஆகவே ஆங்கிலத்திலும் பன்மை என்பது முதல் வாதம். கேட்க உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘அஜெண்டா’வும் லத்தீனில் பன்மைதான். ‘செய்யப்பட வேண்டியவை’ என்று பொருள், ஒருமை ‘அஜெண்டம்’. இன்று கூட்ட அறிவிப்பில் யாரும் ‘அஜெண்டா ஆர்’ என்று எழுதுவதில்லை, ‘அஜெண்டாஸ்’ என்றே பன்மையாக்குகிறார்கள். ‘ஸ்டாமினா’வும் அப்படித்தான். அது ‘ஸ்டேமன்’ என்பதன் லத்தீன் பன்மை, இழைகள் என்று பொருள். இப்போது ஆங்கிலத்தில் அது ஒருவருடைய தாக்குப்பிடிக்கும் வலு. பூவின் மகரந்தத் தாளைக் குறிக்கும் ‘ஸ்டேமன்’ தனியே பிரிந்துபோய் ‘ஸ்டேமன்ஸ்’ என்று தனிப் பன்மை எடுத்துக்கொண்டது. பிறந்த மொழியின் இலக்கணம் புகுந்த மொழியைக் கட்டாயப்படுத்தாது.

2. இரண்டாவது, எண்ணிப் பார்க்கும் சோதனை. உண்மையான பன்மைச் சொல் என்றால் முன்னால் எண் போட முடிய வேண்டும். ஐந்து புத்தகங்கள், ஏழு மாணவர்கள். ‘ஃபைவ் டேட்டா’ என்று யார் எழுதுகிறார்கள்? ‘ஆர்’ பக்கம் உறுதியாக நிற்பவர்கள்கூட ‘ஃபைவ் டேட்டா பாயிண்ட்ஸ்’ என்றுதான் எழுதுகிறார்கள். ‘எத்தனை’ என்று கேட்க ‘மெனி’ வர வேண்டிய இடத்தில் அவர்கள் வாயிலிருந்தும் ‘ஹவ் மச் டேட்டா’ என்றுதான் வருகிறது. வினையில் பன்மை, எண்ணிக்கையில் திரள் (ஒன்று இரண்டு என்று எண்ண முடியாத மொத்தம்) என்று இந்தச் சொல் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கிறது.

3. மூன்றாவது, கணினி. 20ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து டேட்டா என்பது சேமிக்க, அனுப்ப, விற்க முடிகிற ஒரு பொருளாகிவிட்டது. தண்ணீரைப் போல அளவு சொல்லலாம், ஒன்று இரண்டு என்று எண்ண முடியாது. நம் பேச்சில் ‘டேட்டா தீர்ந்துபோச்சு’, ‘ஒரு நாளைக்கு 2 ஜிபி டேட்டா’ என்கிறோமே, அது இந்தப் பொருள்தான். தீர்ந்துபோன 2 ஜிபிக்குள் எத்தனை டேட்டம் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. இங்கே ‘ஆர்’ போட்டால் ஆங்கிலக் காதுக்கே நெருடும்.

ஆகவே பெரிய நிறுவனங்கள் ஆளுக்கொரு முடிவு எடுத்திருக்கின்றன. அமெரிக்க உளவியல் கழகத்தின் நடைக் கையேடு பன்மை என்கிறது. ஆய்விதழ்களில் பெரும்பகுதி அந்த வழியில் போகிறது. பிரிட்டனின் கார்டியன் செய்தித்தாள் ஒருமை என்கிறது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் கையேடு நடுவழி: பொது வாசகருக்கு எழுதும்போது ஒருமை, அறிவியல் மற்றும் கல்வித்துறை எழுத்தில் பன்மை. இந்த மூன்றில் அசோசியேட்டட் பிரஸ் எடுத்த முடிவே நியாயமானது என்பது என் கருத்து. அது சொல்லின் வரலாற்றைப் பார்க்காமல், எழுதுபவர் என்ன சொல்ல வருகிறார் என்பதைப் பார்க்கிறது.

சட்டங்களுக்கு வருவோம். 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சட்டம் ‘பெர்சனல் டேட்டா ஆர்’ என்கிறது. நம் 2023ஆம் ஆண்டுச் சட்டம் ‘பெர்சனல் டேட்டா இஸ்’ என்கிறது. இரண்டு சட்டங்களையும் ஒப்பிட்டுப் படிப்பவர்கள் இதில் பொருள் வேறுபாடு தேட வேண்டாம். உங்கள் பெயர் ஒன்று மட்டும் கசிந்தாலும், மொத்த விவரமும் கசிந்தாலும், சட்டத்தின் வரையறைக்குள் வருகிறதா என்பதை ‘இஸ்’, ‘ஆர்’ தீர்மானிப்பதில்லை. அந்த விவரத்தால் ஒரு நபரை அடையாளம் காண முடியுமா என்பதுதான் கேள்வி.

தமிழ் இலக்கணத்தில் இதற்கு ஏற்கெனவே ஒரு இடம் உண்டு

‘மாடு மேய்ந்தது’, ‘மாடு மேய்ந்தன’. பெயர் மாறவில்லை. வினைமுற்றுதான் ஒன்றா பலவா என்று சொல்கிறது. ‘மரம் சாய்ந்தது’, ‘மரம் சாய்ந்தன’ என்பதும் அதே. பள்ளியில் இதைப் பால் பகா அஃறிணைப் பெயர் என்று படித்திருப்போம். ஒருமை, பன்மை என்ற பால் பிரிவு பெயரில் தெரியாது, வினையில் தெரியும்.

இன்றைய ஆங்கிலத்தில் டேட்டாவின் நிலையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ‘டேட்டா இஸ்’ என்றால் எழுதுபவர் அதை ஒரே திரளாகப் பார்க்கிறார். ‘டேட்டா ஆர்’ என்றால் தனித்தனி அளவீடுகளாகப் பார்க்கிறார். சொல் ஒன்றே, பார்வை வேறு.

ஒரு முக்கியமான வேறுபாடும் உண்டு. தமிழில் வேண்டும்போது ‘கள்’ சேர்த்து ‘மாடுகள்’ என்று சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் டேட்டாவுக்கு அந்த வசதி கிடையாது. ‘டேட்டாஸ்’ பிறப்பது இந்த இடத்தில்தான்.

‘டேட்டாஸ்’ ஏன் வருகிறது, ஏன் கூடாது

தகவல்கள், தரவுகள், கருவிகள், மென்பொருள்கள், தளவாடங்கள். தமிழில் இவை எல்லாமே எண்ணக்கூடியவை, எல்லாவற்றிலும் ‘கள்’ ஒட்டும். அதே பழக்கத்தில் ஆங்கிலம் எழுதும்போது ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘எக்விப்மெண்ட்ஸ்’, ‘சாஃப்ட்வேர்ஸ்’, ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘டேட்டாஸ்’ என்று வந்து விழுகின்றன. கவனக்குறைவு என்று இதைச் சொல்வது நியாயமில்லை. தாய்மொழியின் ஒழுங்கை அப்படியே கடைப்பிடிப்பதால் வரும் பிழை. தமிழர் மட்டும் இல்லை, மற்ற இந்திய மொழிக்காரர்களும் செய்கிறார்கள்.

ஆனால் பிழை பிழைதான். டேட்டாவைப் பன்மை என்று எடுத்துக்கொண்டால், ஏற்கெனவே பன்மையாக இருப்பதற்கு இன்னொரு பன்மை தேவையில்லை. திரள் என்று எடுத்துக்கொண்டால், திரளுக்குப் பன்மையே கிடையாது. எந்தக் கட்சிப்படி பார்த்தாலும் ‘டேட்டாஸ்’ நிற்காது. ‘எ டேட்டா’ என்பதும் அப்படித்தான். வேலை விண்ணப்பத்திலோ ஆய்வுக் கட்டுரையிலோ இந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு மீதியையும் சந்தேகக் கண்ணோடு படிப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல உழைப்பு ஒரு ‘ஸ்’ஸால் அடிபடக் கூடாது.

‘டேட்டம்ஸ்’ என்ற தனி வாழ்க்கை

அப்படியானால் ‘டேட்டம்’ செத்துவிட்டதா? பொது எழுத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான். நில அளவையிலும் பொறியியலிலும் அது உயிரோடு இருக்கிறது, வேறு பொருளோடு, வேறு பன்மையோடு. அங்கே டேட்டம் என்றால் அளவுகள் தொடங்கும் ஆதாரம். பன்மை ‘டேட்டம்ஸ்’. இந்தத் துறையில் ‘டேட்டா’ என்று பன்மை போட்டால் அர்த்தமே மாறிவிடும்.

உயரத்திலிருந்து தொடங்கலாம். ரயில் நிலையப் பெயர்ப் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருக்கும். எந்தக் கடல், எந்த நாளின் மட்டம்? கடல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் கரையோரம் 9 துறைமுகங்களில் ஆண்டுக்கணக்கில் ஓத ஏற்ற இறக்கங்களைப் பதிவுசெய்து, சராசரி கண்டு, அதை ஆதாரமாக நிறுவினார்கள். அந்த 9 இடங்களில் சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு. 1909இல் முடிந்த அந்தக் கணக்குதான் நாட்டின் உயரங்களுக்கு டேட்டம் ஆனது.

அடுத்தது இருப்பிடம். பூமி சரியான உருண்டை இல்லை. ஆகவே அதற்கு ஒரு கணித வடிவத்தை முதலில் ஒப்புக்கொண்டு, அதன் மேல்தான் அட்சரேகை, தீர்க்கரேகை போட முடியும். இந்தியாவில் இதற்கான பெரிய வேலை தொடங்கியது சென்னையில். 1802 ஏப்ரலில் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே, மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமாக, சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் தந்த பூமி வடிவக் கணக்கும், மத்தியப் பிரதேசத்தின் கல்யாண்பூர் என்ற தொடக்கப் புள்ளியும் சேர்ந்து இந்திய வரைபடங்களின் டேட்டம் ஆயின. நம் கைப்பேசியின் ஜிபிஎஸ் அதைப் பயன்படுத்துவதில்லை. அது டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகப் பொது டேட்டத்தில் இயங்குகிறது. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைப்படி பொதுமக்களுக்கான வரைபட வரிசையும் அந்த டேட்டத்துக்கு மாறியது.

இதன் விளைவு என்ன? பழைய நில அளவைத் தாளிலிருந்து ஒரு இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து அப்படியே கைப்பேசியில் போட்டால், அது காட்டும் இடம் நூறு மீட்டருக்கு மேல்கூட விலகலாம். இரண்டு எண்களும் சரியாகப் படிக்கப்பட்டவைதான். எந்த டேட்டத்திலிருந்து என்ற ஒரு வரி விடுபட்டுவிட்டது, அவ்வளவுதான் பிழை.

ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே ரைன் நதியின் மேல் லவுஃபென்பர்க்கில் கட்டிய பாலத்தில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். ஜெர்மனி உயரத்தை வடகடல் மட்டத்திலிருந்து கணக்கிடுகிறது, சுவிட்சர்லாந்து மத்தியதரைக்கடல் மட்டத்திலிருந்து. இரண்டுக்கும் 27 செ.மீ. வேறுபாடு. இது பொறியாளர்களுக்குத் தெரியும், கணக்கிலும் சேர்த்தார்கள். ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்த மாதிரி, குறி மாறிப்போயிற்று. வேறுபாடு நீங்குவதற்குப் பதில் இரட்டிப்பாகி 54 செ.மீ. ஆனது. 2003இல் கட்டுமானத்தின்போதுதான் அது தெரியவந்தது, திருத்தி அமைக்க வேண்டியதாயிற்று.

நம் தெருவில் இது வேறு உருவத்தில் நடக்கிறது. வீடு கட்டும்போது மேஸ்திரி ‘ரோட்டு லெவலில் இருந்து மூணு அடி’ என்று தரைமட்டம் வைக்கிறார். அங்கே அவருக்கு டேட்டம் அந்தச் சாலைதான். அப்புறம் பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே தார் போடுகிறார்கள். வீடு அசையவில்லை, டேட்டம் உயர்ந்துவிட்டது. சில ஆண்டுகளில் மழைத் தண்ணீர் வாசல்படி ஏறுகிறது. நகரக்கூடிய ஒன்றை ஆதாரமாக வைக்கக் கூடாது என்பது நில அளவையின் முதல் பாடம். வீட்டு உரிமையாளர் அதைத் தன் செலவில் கற்க வேண்டியிருக்கிறது.

கோயம்புத்தூர், ஓசூர் பட்டறைகளில் இயந்திர வரைபடம் படிப்பவர்களுக்கும் இந்தச் சொல் பழக்கம். பெட்டிக்குள் ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்று குறித்திருக்கும் பரப்புகள்தான் டேட்டம்ஸ். துளை எங்கே விழ வேண்டும் என்பதை அந்தப் பரப்புகளிலிருந்துதான் அளப்பார்கள்.

எழுதும்போது

1. மொத்தத் திரளைப் பற்றிப் பேசினால், பொது வாசகருக்கு எழுதினால், ‘டேட்டா இஸ்’. மொபைல், கணினி, தனியுரிமை பற்றிய எழுத்தில் இதற்கு மாற்றே தேவையில்லை.

2. ஆய்விதழுக்கு எழுதினால் அந்த இதழின் கையேட்டைப் பாருங்கள். பெரும்பாலும் ‘ஆர்’ கேட்கும். அப்போது ‘திஸ்’ வராது ‘தீஸ்’ வரும், ‘இட்’ வராது ‘தே’ வரும். வினையை மட்டும் மாற்றிவிட்டுச் சுட்டுச்சொல்லை மறந்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் சறுக்கல்.

3. ஒரே ஆவணத்துக்குள் இரண்டையும் கலக்காதீர்கள்.

4. எண்ணிக்கை சொல்ல வேண்டியிருந்தால் ‘டேட்டா பாயிண்ட்ஸ்’, ‘ரீடிங்ஸ்’, ‘டேட்டாசெட்ஸ்’ என்று எண்ணக்கூடிய சொல்லைத் துணைக்கு அழையுங்கள்.

5. தமிழில் ‘தரவு காட்டுகிறது’, ‘தரவுகள் காட்டுகின்றன’ இரண்டும் சரி. ‘தரவுகள் காட்டுகிறது’ என்பது நாளிதழ்களிலேயே நிறைய வருகிறது, அதைத் தவிர்க்கலாம்.

கடைசியாக, டேட்டாவுக்குக் கிடைத்த இந்தச் சலுகையை மற்ற ஒழுங்கற்ற பன்மைகளுக்கும் நீட்டிவிடக் கூடாது. ‘மீடியா’ பாதி வழி வந்துவிட்டது. ஊடகத் துறை முழுவதையும் குறிக்கும்போது ‘மீடியா இஸ்’ பரவலாக ஏற்கப்படுகிறது. ‘கிரைடீரியா’வுக்கு அது இன்னும் கிடைக்கவில்லை. ஒரே ஒரு தகுதி விதியைச் சொல்லும்போது ‘கிரைடீரியன்’ என்றே எழுத வேண்டும். ஒரு நிகழ்வு என்றால் ‘ஃபினாமினன்’, ஒரு நுண்ணுயிர் என்றால் ‘பாக்டீரியம்’. இவற்றின் ஒருமை வடிவங்கள் இன்னும் அன்றாடப் புழக்கத்தில் இருக்கின்றன. அவை இருக்கும்வரை ‘எ கிரைடீரியா’, ‘எ ஃபினாமினா’ என்று எழுதினால் தேர்வாளர் மதிப்பெண் குறைப்பார், குறைக்கவும் வேண்டும்.